சளிப்பூஞ்சை ஆராய்ச்சியால் தேங்காய் விலை ஏறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த நகைச்சுவைப் பத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றின் அழைப்பிதழை வைத்துக்கொண்டு, அதில் ஒரு மாணவி பேசவிருக்கும் தலைப்பை, ‘சளிப்பூஞ்சையில் வளர்ச்சிநிலைக்கேற்ப இயங்கும் நொதி மரபணுவை நகலாக்கம் செய்தல்’ என்பதை, முழுசாக எடுத்துப் போட்டு, இதனால் கிணற்றில் தண்ணீர் ஊறுமா, தேங்காய் விலை ஏறுமா, பனியன் ஆர்டர் வருமா என்று கேட்டிருக்கிறார் உங்கள் பத்தியாளர். கூடவே ஒரு கார்ட்டூன். ஒரே அச்சில் வார்த்த ஏழெட்டுக் காளான்கள், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையில் நிற்கின்றன. சிரிப்பு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கிணற்றைப் பற்றியும் தேங்காயைப் பற்றியும் பண்ணையம் பார்க்கிறவர்கள் பதில் சொல்லட்டும். மூன்றாவது கேள்வியை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை, ஏனென்றால் நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கிறவன், படித்தது கோயம்புத்தூரில் உயிர்வேதியியல். நொதி என்றால் என்சைம், உயிர்களுக்குள் ரசாயன வேலைகளை வேகப்படுத்துகிற புரதம். பனியனுக்கும் நொதிக்கும் நடுவிலேதான் என் பிழைப்பே ஓடுகிறது.

முதலில் கார்ட்டூனைச் சரிசெய்துவிடுவோம். சளிப்பூஞ்சை காளானே இல்லை, பூஞ்சையும் இல்லை, பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதோடு சரி. அது அமீபா வகையைச் சேர்ந்தது. அந்த மாணவி டாலி ஆடு மாதிரி முழு உயிரை நகலெடுக்கவும் போகவில்லை. ஒரு உயிரிலிருந்து ஒரே ஒரு மரபணுவைத் தனியாகப் பிரித்து, அதை ஒரு பாக்டீரியாவுக்குள் ஏற்றி, பாக்டீரியா பெருகப் பெருக அந்த மரபணுவும் கோடிக்கணக்கில் பெருகும்படி செய்வது, அவ்வளவுதான் விஷயம். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்த மருந்தும் இந்த வழியில்தான் வருகிறது, அதை யாரும் கார்ட்டூன் போடுவதில்லை.

சரி, அந்தச் சளிப்பூஞ்சை யார் என்று பார்ப்போம். டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்று பெயர். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக் காட்டில், மக்கிய இலைச் சருகிலிருந்து கென்னத் ரேப்பர் என்பவர் எடுத்து 1935-ல் உலகத்துக்குச் சொன்னார். தீனி இருக்கிற வரைக்கும் இது ஒற்றை ஒற்றைச் செல்லாக மண்ணில் ஊர்ந்து பாக்டீரியாவைத் தின்றுகொண்டு தன்பாட்டுக்கு இருக்கும். தீனி தீர்ந்ததும்தான் ஆட்டம் ஆரம்பம். பசித்த செல்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற ஒரு சின்ன மூலக்கூறை விட்டு விட்டு வெளியே துப்பும், சுமார் ஆறு நிமிடத்துக்கு ஒரு தரம். பக்கத்துச் செல் அதை உணர்ந்து அந்தத் திசையில் நகரும், தானும் துப்பும், அதற்கடுத்த செல்லும் அப்படியே. இந்தச் செய்திப் பொருள் சைக்ளிக் ஏ.எம்.பி.தான் என்று 1967-ல் கண்டுபிடித்தார்கள். கூடிச் சேருகிற செல்கள் ஒரு லட்சம் வரை போகும். எல்லாம் சேர்ந்து ஒரு மேடு, மேட்டிலிருந்து ஒரு விரல், அந்த விரல் சாய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு நத்தை மாதிரி வெளிச்சத்தைப் பார்த்து ஊரும். அப்புறம் நின்று, நிமிர்ந்து, மெல்லிய தண்டும் அதன் உச்சியில் ஒரு உருண்டையுமாக ஆகிவிடும். உருண்டைக்குள் இருப்பவை வித்துகள். தண்டாகிற செல்கள், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, செத்துத்தான் தண்டாகின்றன. பசி தொடங்கியதிலிருந்து இது முடிய ஒரு நாள், 24 மணி நேரம்.

படிக்கிற காலத்தில் இதை அகார் தட்டில், அதாவது நுண்ணுயிர் வளர்க்கிற ஜெல்லித் தட்டில், வைத்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். செல்கள் கூடுகிற நேரத்தில் தட்டின்மேல் கருத்த கோடுகள் கிளை பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக ஒரு மையத்தை நோக்கி ஓடிவருவது தெரியும். பத்து நிமிடம் கழித்து மறுபடி கண்ணை வைத்தால் கோடுகள் தடித்திருக்கும். உத்தரவு போட மேஸ்திரி இல்லை, மூளை இல்லை, நரம்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சீனியர் அக்கா ஒருவர், சாப்பிடப் போகிறேன் என்று எழுந்தவர், போகவே இல்லை.

இப்போது நொதிக்கு வருகிறேன். இந்த 24 மணி நேரத்தில் எந்த நொதி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒரு கால அட்டவணையே உண்டு. கூடுகிற நேரத்தில் சில, நிமிர்கிற நேரத்தில் சில. கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் சேர்த்துவைத்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரை ஆக்குவது அதன் வேலை. அந்தச் சர்க்கரைதான் தண்டுக்கும் வித்தின் ஓட்டுக்கும் வேண்டிய செல்லுலோஸாகக் கட்டப்படுகிறது. ஆமாம், செல்லுலோஸ்தான், பருத்தியில் இருக்கிற அதே செல்லுலோஸ். மறுபக்கம், மழை பெய்து தீனி திரும்பினால் வித்து முளைக்க வேண்டும், உள்ளே இருக்கிற அமீபா வெளியே வர வேண்டும், வருவதற்கு அந்த செல்லுலோஸ் ஓடு விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு செல்லுலோஸை வெட்டுகிற நொதி, செல்லுலேஸ், வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் வேண்டும். ஓடு கட்டிக்கொண்டிருக்கிறபோது அது வந்துவிட்டால் கட்டுகிற வேலை கெட்டது.

ஒரே செல், ஒரே மரபணுத் தொகுதி, எல்லா மரபணுவும் எப்போதும் உள்ளேயே கிடக்கிறது. ஆனால் இது மட்டும் இந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு விழித்து, வேலையை முடித்து, மறுபடி தூங்கிவிடுகிறது. எது எழுப்புகிறது? ‘வளர்ச்சிநிலைக்கேற்ப இயங்கும்’ என்ற அந்த வாய்க்குள் நுழையாத சொற்றொடருக்குள் இருக்கிற கேள்வி இதுதான். நம் உடம்பிலும் இதே கேள்விதான். கல்லீரல் செல்லுக்குள் கண்ணுக்கான மரபணுவும் இருக்கிறது, ஆனால் கல்லீரலில் கண் முளைப்பதில்லை.

இதற்கு விடை தேட வேண்டுமென்றால் முதலில் மரபணு கைக்கு வர வேண்டும். எப்படி எடுத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நட்லி என்ற ஊர், அங்கே இருந்த ரோச் மூலக்கூறு உயிரியல் நிறுவனம், ஆள் ஹெர்பர்ட் எனிஸும் அவருடைய குழுவும். முளைக்கிற வித்தில் மட்டும் வேலை செய்கிற மரபணுக்கள் எவை என்று தேடினார்கள். கவனியுங்கள், செல்லுலேஸைத் தேடவில்லை. எந்த நொதியையும் தேடவில்லை. எது எப்போது விழித்திருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

இந்த மாதிரி வேலையின் முறை இதுதான். வித்துகளை 45 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் முளைக்க ஆரம்பிக்கும். முளைக்கிற நேரத்தில் செல்லை உடைத்து, உள்ளே இருக்கிற தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுவின் செய்தியைச் சுமந்துபோகிற நகலை, எடுக்க வேண்டும். எந்த மரபணு விழித்திருக்கிறதோ அதற்குத்தான் தூது ஆர்.என்.ஏ. இருக்கும், தூங்குகிற மரபணுவுக்கு இருக்காது. ஆர்.என்.ஏ. சட்டென்று அழிந்துபோகிற பொருள், கை பட்டால் போதும், வியர்வையில் இருக்கிற நொதியே அதைத் தின்றுவிடும். அதனால் அதைப் படித்து டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதிக்கொள்வார்கள். திருப்பி எழுதுகிற நொதியை 1970-ல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். டெமின் அதைக் கண்டுபிடித்தது கோழிக்குப் புற்றுக்கட்டி வரவைக்கிற ஒரு வைரஸில். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு ஆர்டி பிசிஆர் எடுத்தார்களே, அதில் முதல் இரண்டு எழுத்தும் இந்தத் திருப்பி எழுதுகிற வேலையைத்தான் குறிக்கின்றன. கோழி வைரஸை நோண்டுகிறார்களே, இதனால் கிணற்றில் தண்ணீர் வருமா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்.

திருப்பி எழுதிய டி.என்.ஏ. துண்டுகளை பிளாஸ்மிட் என்ற சின்ன வளையங்களில் செருகி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்பி, தட்டில் வளர்த்தால், ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மரபணுத் துண்டைச் சுமக்கிற ஒரு பாக்டீரியாக் கூட்டமாக வளரும். ஆயிரக்கணக்கான புள்ளிகள். இதில் முளைக்கிற நேரத்துக்கு மட்டும் உரியது எது? தட்டின்மேல் ஒரு வடிதாளை ஒத்தி எடுத்தால் புள்ளிகள் தாளில் ஒட்டிக்கொள்ளும். அப்படி இரண்டு தாள் எடுத்து, ஒன்றின்மேல் முளைக்கிற வித்திலிருந்து செய்த கதிரியக்கக் குறி போட்ட டி.என்.ஏ.வையும், இன்னொன்றின்மேல் சாதாரணமாக வளர்கிற அமீபாவிலிருந்து செய்ததையும் ஊற்றிக் கழுவி, எக்ஸ்ரே பிலிமில் வைப்பார்கள். ஒன்றுக்கொன்று பொருந்துகிற டி.என்.ஏ. எங்கே ஜோடி சேர்ந்ததோ அங்கே பிலிம் கருக்கும். பழைய வாக்காளர் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதியதில் மட்டும் இருக்கிற பெயர்களுக்கு டிக் அடிப்பது மாதிரிதான். பொறுமைதான் மூலதனம். எனிஸ் குழு இந்த வகையில் பொறுக்கி எடுத்த துண்டுகளைப் பற்றி 1983-ல் எழுதினார்கள். அவற்றில் ஒன்றுக்கு 270 என்று நம்பர். பெயர் கிடையாது, என்ன வேலை செய்கிறது என்று தெரியாது, முளைக்கிறபோது வருகிறது, அப்புறம் போய்விடுகிறது, அது மட்டும்தான் தெரியும்.

இந்தச் சளிப்பூஞ்சையில் மரபணு எடுப்பதில் ஒரு தனித் தொல்லையும் உண்டு. டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள் இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்த உயிரில் அடினினும் தைமினும் மட்டுமே 77 சதவீதத்துக்கு மேல், மரபணுக்களுக்கு இடையில் இருக்கிற பகுதிகளில் இன்னும் அதிகம். ஈ.கோலையில் அது பாதிக்குப் பாதி. இவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்த டி.என்.ஏ.வை ஈ.கோலை நிம்மதியாக வைத்துக்கொள்ளாது, இடையில் வெட்டிக் கழித்துவிடும், இன்றைக்கு ஏற்றிவிட்டதை நாளைக்குப் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். ஆர்.என்.ஏ. வழியாகப் போனால் மரபணுவின் வேலை செய்கிற பகுதி மட்டும் வரும் என்பதால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. இந்தத் தொல்லையையெல்லாம் தாண்டி 2005-ல் முழு மரபணுத் தொகுதியையும் படித்து முடித்துவிட்டார்கள்: ஆறு குரோமோசோம், சுமார் 3.4 கோடி எழுத்து, ஏறக்குறைய 12,500 மரபணு.

270-க்குத் திரும்புவோம். மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த மற்ற உயிர்களின் புரதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, செயலையும் சோதித்து, 1991-ல் எனிஸும் அவரோடு வேலை செய்த பிளூமும் சொன்னார்கள்: இது ஒரு செல்லுலேஸ். எட்டு வருடம் நம்பராகவே இருந்ததற்கு அப்போதுதான் உத்தியோகம் தெரிந்தது. வித்து ஏன் அந்த நேரத்தில் அதை எழுப்புகிறது என்பதும் அதோடு விளங்கியது, ஓடு செல்லுலோஸ் அல்லவா. முதல் நாளே உங்கள் பத்தியாளர் போய், இது எதற்குப் பயன்படும் என்று கேட்டிருந்தால், தெரியாதுங்க என்பதுதான் நேர்மையான பதிலாக இருந்திருக்கும். அந்தப் பதிலுக்குக் காசை நிறுத்தியிருந்தால் 270 இன்றைக்கும் 270-தான்.

இனி பனியன். பின்னலாடைத் துணி சாயத்துக்குப் போகும்போது அதன்மேல் பஞ்சு நுனிகள் மயிர்மயிராக நிற்கும். அப்படியே விட்டால் இரண்டு துவைப்பில் உருண்டை உருண்டையாகத் திரளும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அதற்காகத்தான் பயோ வாஷ். சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய மெஷினில் துணியை ஏற்றி, அசிட்டிக் ஆசிட் போட்டு, பி.எச். என்கிற அமில அளவை 4.5-லிருந்து 5-க்குள் நிறுத்தி, 50, 55 டிகிரிக்குக் கொண்டுவந்து நொதியை டோஸ் செய்து முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் ஓட்டுவோம். கேனில் வருகிற அந்தப் பழுப்பு நிறத் தண்ணீர்தான் செல்லுலேஸ். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நுனிகளைக் கடித்து எடுத்துவிடும். நேரம் ஆனதும் 80 டிகிரிக்கு ஏற்றி நொதியைக் கொன்றாக வேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும், அதற்கு நுனி எது நூல் எது என்று தெரியாது. நைட் ஷிப்டில் டையிங் மாஸ்டர் ஒரு துண்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் பஞ்சு நிக்குதே தம்பி, இன்னொரு பத்து நிமிசம் ஓட்டலாமா?” என்பார். “வேண்டாங்க மாஸ்டர், ஜிஎஸ்எம் இறங்கிரும், அப்புறம் பர்ஸ்டிங்ல அடிவாங்கும்” என்று நான் சொல்வேன். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, பர்ஸ்டிங் என்றால் துணி கிழியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்க்கிற சோதனை. இது வாடிக்கையான பேச்சு.

ஆக, கடித்து முடித்ததும் வாயை மூடச் சொல்ல எங்களுக்கு பாய்லர் வேண்டும், நீராவி வேண்டும், ஆள் வேண்டும். சளிப்பூஞ்சை வித்தோ அந்த நிறுத்துகிற வேலையை மரபணு மட்டத்திலேயே முடித்துவிடுகிறது. இதைத்தான் அந்த மாணவி படிக்கிறார்.

வாதத்தில் ஜெயிப்பதற்காக ஒரு பொய்யைச் சொல்ல மாட்டேன். திருப்பூரில் ஓடுகிற செல்லுலேஸ் சளிப்பூஞ்சையிலிருந்து வருவது இல்லை. சந்தையில் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா மாதிரியான பூஞ்சைகளிலிருந்து வருகிறது. அதன் கதையையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகள் மக்கி நைந்து போயின. துணியைக் கெடுப்பது யார் என்று தேடிப் போனபோது அகப்பட்டதுதான் டிரைக்கோடெர்மா ரீசெய். அதன் நொதியில் வேலை செய்த எல்வின் ரீஸின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். துணியைத் தின்கிற கிருமியிடமிருந்து துணியைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். இன்றைக்கு அதன் நொதியைக் காசு கொடுத்து வாங்கி நாங்களே துணிமேல் ஊற்றுகிறோம், அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் பத்தியாளரும் எழுதியிருப்பார்.

அப்படியானால் சளிப்பூஞ்சையின் மரபணுவால் என்ன லாபம் என்று மறுபடி கேட்டால், காசாக எதையும் காட்ட முடியாது, காட்ட வேண்டியதும் இல்லை என்பதுதான் என் பதில். ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த உயிரில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு பிரதிதான், நம்மைப் போல அம்மா வழி ஒன்று அப்பா வழி ஒன்று என்று இரண்டு கிடையாது. ஒன்றைக் கெடுத்தால் விளைவு உடனே தெரியும். 1987-ல் மயோசின் மரபணுவை இதில்தான் குறிபார்த்து உடைத்துக் காட்டினார்கள். நம் தசைக்குள் இருக்கிற அதே குடும்பத்துப் புரதம். நம் வெள்ளை அணுக்கள் கிருமியை மோப்பம் பிடித்துத் துரத்துவதற்கும் இந்த அமீபா சைக்ளிக் ஏ.எம்.பி.யைத் துரத்துவதற்கும் உள்ளே இருக்கிற இயந்திரம் பெருமளவு ஒன்றேதான்.

நம் பக்கத்துக் கல்லூரிகள்மீது எனக்கு வேறு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பயோடெக்னாலஜி என்று போர்டு மாட்டாத கல்லூரி ஒரு காலத்தில் கோவையைச் சுற்றிக் கிடையாது. கடைசி செமஸ்டரில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வெளியே ஒரு தனியார் லேபில் பணம் கட்டி, ஏதோ ஒரு இலையின் சாற்றை ஏதோ ஒரு பாக்டீரியாமேல் ஊற்றி, பாக்டீரியா வளராத வட்டத்தை அளந்து, பைண்டு பண்ணிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இலையின் பெயர் மட்டும் வருடா வருடம் மாறும். என் அக்கா மகள் படித்த கல்லூரியில் அந்த ரிப்போர்ட்டையே விலைக்கு விற்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை சளிப்பூஞ்சையில் நொதி மரபணு எடுக்கிறேன் என்று மேடை ஏறுகிறதென்றால் நாம் எழுந்து நிற்க வேண்டும்.

இது நமக்குத் தூரத்துச் சமாச்சாரமும் இல்லை. முதுமலைக் காட்டு மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் இருந்து இந்த வகை அமீபாக்களைப் பெங்களூரு ஆய்வாளர்கள் எடுத்து, ஒரே தண்டும் உருண்டையுமாக நிற்கிற கூட்டத்துக்குள் வெவ்வேறு மரபு வழிச் செல்கள் கலந்து இருப்பதை 2010-ல் காட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருவன் செத்துத் தண்டாகிறான், சொந்தமே இல்லாத இன்னொருவன் வித்தாகி மேலே போய் உட்காருகிறான் என்றால் அதில் எவ்வளவு கேள்வி இருக்கிறது பாருங்கள். இன்னொரு செய்தி, நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும்: இந்த அமீபாக்களில் சில ரகங்கள் தீனி பாக்டீரியாவை முழுசாகத் தின்று தீர்ப்பதில்லை, கொஞ்சத்தை வித்தோடு சேர்த்துக் கொண்டுபோய்ப் புது இடத்தில் விதைத்து வளர்த்துத் தின்கின்றன. 2011-ல் வெளிவந்தது. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடாத ஜீவன், மூளை இல்லாமலேயே.

ஆனைமலைப் பக்கத்து மண் ஒரு கைப்பிடி, அகார், தீனிக்கு ஈ.கோலை, ஒரு நுண்ணோக்கி இருந்தால் வேலையைத் தொடங்கலாம். எலி வளர்க்க வாங்க வேண்டிய அனுமதி எதுவும் இதற்கு வேண்டாம். ஒரே சிக்கல் சூடு. இந்த உயிருக்கு 22 டிகிரி வேண்டும், தாராபுரத்தில் சித்திரை மாதத்தில் 22 டிகிரிக்கு எங்கே போவது? சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கிற பி.ஓ.டி. இன்குபேட்டர் என்ற பெட்டி வேண்டும், அதை விடாமல் ஓட்ட வேண்டும். நான் பார்த்த கல்லூரி ஒன்றில் கரண்ட் பில்லுக்குப் பயந்து அதை ராத்திரியில் அணைத்துவிடுவார்கள். பகலில் அதற்குள் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள், குளிர்ந்த தண்ணீர் குடிக்க.

மரபணு வரைக்கும் போக வசதி இல்லையென்றால், நொதியைக் கண்ணால் பார்க்கவாவது வைக்கலாம். தண்ணீரில் கரைகிற செல்லுலோஸ் கலந்த அகார் தட்டில் சோதிக்க வேண்டியதை வைத்து, அப்புறம் காங்கோ ரெட் சாயத்தை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, உப்புத் தண்ணீரால் கழுவினால், தட்டு முழுக்கச் சிவப்பாகவும் செல்லுலேஸ் வேலை செய்த இடம் மட்டும் வெளிறிய வளையமாகவும் தெரியும். அந்தச் சாயமே முதலில் பருத்தித் துணிக்காக வந்ததுதான், 1880-களில், ஜெர்மனியில். பென்சிடின் வகை என்பதால் இப்போது துணிக்குப் போடக் கூடாது, சோதனையிலும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை எனக்குத் தோன்றவில்லை.

பத்திரிகைக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். அந்த மாணவியைக் கூப்பிட்டு, எந்த நொதி, எந்த நேரத்தில் வருகிறது, எப்படி எடுத்தாய் என்று கேட்டு, அவர் சொல்வதை வெட்டாமல் போடுங்கள். அட்டவணையும் படமும் தேவைப்பட்டால் நான் உட்கார்ந்து எளிமையாக்கித் தருகிறேன். இரண்டாவது, புதன்கிழமை வந்துகொண்டிருந்த அறிவியல் பக்கத்தை எடுத்துவிட்டு ராசிபலனை ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாக்கியிருக்கிறீர்கள். அந்த அரைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். விருச்சிக ராசிக்காரன் நான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
சாயப்பட்டறை வாசகன்,
திருப்பூர்.